ஓதம் நிற்கும் இடம்

செங்கணாபுரத்துச் சுவர்களில் ஓதம் ஏறத் தொடங்கியது மழைக்காலத்தில் இல்லை. குளத்தில் தவளைகூடக் கத்தாத, குழாயடியில் குடங்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு மனிதர்கள் நிழலுக்கு ஒதுங்கிக்கொண்ட ஒரு சித்திரை மாதத்தில், அதுவும் ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற மதிய நேரத்தில். முதலில் ஏறியது ரைஸ்மில் வீட்டுக் கூடத்துச் சுவரில், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறையாக. அந்தச் சுவரை வைத்துத்தான் ரைஸ்மில் அண்ணனும் தம்பியும் பல வருஷமாக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஓதம் தரைக்கு இறங்கியது, உத்தரத்துக்கு ஏறியது, அடுப்படியைத் தொட்டது, மாடிப்படியைப் பாதி நனைத்தது, பிறகு இதற்குமேல் எனக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லாமல் சொல்லி ஓரிடத்தில் நின்றுவிட்டது. நின்ற அன்று மதியம் எல்லோரும் தூங்கி எழுந்தபோது, ஓதத்தின் விளிம்போடு வீடு இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு செங்கல் உதிரவில்லை, ஓர் ஓடு சரியவில்லை. நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து, ஆளுக்கொரு வாசல், ஆளுக்கொரு மாடிப்படி, ஆளுக்கொரு அடுப்படி, தண்ணீர் வராத குழாய்கூட ஆளுக்கொன்று. சாயங்காலம் அண்ணன்காரர் வாசலுக்கு வந்து, சந்துக்கு அந்தப்பக்கம் பல் குச்சியோடு நின்ற தம்பியைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு? புதுசா குடி வந்திருக்கீயளோ?" என்று மரியாதையாக விசாரித்தார்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்படுவதைவிட அவசரமான வேலைகள் ஊருக்கு இருந்தன. தலைவர் யார் என்ற தகராறில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கட்சி ஆபீஸில் ஓதம் ஏறி, ஒரு மதியத்தில் அது இரண்டு ஆபீஸாகி, இரண்டிலும் கொடிக்கம்பம் முளைத்து, இரண்டு பக்கத்துத் தொண்டர்களும் எதிர்ப்பக்கத்து ஆட்களை வெளியூர்க்காரர்கள் என்று எண்ணி டீ வாங்கிக் கொடுத்தார்கள். மாமியாரும் மருமகளும் பிரிந்தார்கள், பங்காளிகள் பிரிந்தார்கள், ஒரே படுக்கையில் முதுகு காட்டிப் படுத்திருந்த புருஷன் பெண்டாட்டிகள் பிரிந்தார்கள். கோர்ட் இல்லை, கூச்சல் இல்லை, கண்ணீர் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் பிரிந்த இரண்டுக்கும் பொதுவாக எதுவுமே மிஞ்சுவதில்லை, ஞாபகம் உட்பட. கொஞ்ச நாளிலேயே ஊர் அதற்கு ஒரு முறையும் கண்டுபிடித்துக்கொண்டது: விரலை நனைத்து, வேண்டாதவர் பக்கத்துச் சுவரில் ஓர் இடத்தைத் தொட வேண்டும், ஓதம் விரிந்து நிற்கிற அன்று அவர் அந்தப் பக்கத்திலும், வேண்டியவர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ‘ஓதம் வைத்தல்’ என்று பெயர். காது குத்துக்கு நாள் பார்ப்பதுபோல் இதற்கும் ஆட்கள் நாள் பார்த்தார்கள்.

எங்கே வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று கேட்க எல்லோரும் போன இடம் வடிவு டீச்சர் வீடு. சண்முகவடிவு பக்கத்து ஊர் மகளிர் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. ஊருக்கு அவள் டீச்சர்தான். ரைஸ்மில் வீட்டைப் போய்ப் பார்த்த அன்று அந்த ஊரிலேயே மிகக் குறைவாக ஆச்சரியப்பட்டவள் அவள். தன் இளமையில் பாதியை அவள் இதற்குத்தான் கொடுத்திருந்தாள்.

அல்ஜீப்ராவில் மாட்யூல் என்று ஒன்று உண்டு. கூட்டவும் பெருக்கவும் வழியுள்ள ஒரு பெரிய குடித்தனம் என்று வைத்துக்கொள்ளலாம்; அதற்குள் சின்னச் சின்னக் குடித்தனங்கள் இருக்கும். எந்தச் சின்னதை எடுத்தாலும், அது தன் உறவு எட்டுகிற மட்டும் விரிந்து, மீதியை நோகடிக்காமல் முழுசாகக் கழன்று வரக்கூடிய ஒரு பாகமாகிவிடும் என்றால், அந்தப் பெரியதற்கு விரிவுறு மாட்யூல் என்று பெயர். எல்லா மாட்யூலும் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருப்பதில்லை. ஆகவே எல்லாச் சின்னதும் கழல வேண்டாம், இன்ன வகை மட்டும் கழன்றால் போதும், முழுசாகக்கூட வேண்டாம், ஏறக்குறையக் கழன்றால் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தித் தளர்த்தி உலகத்தில் பலபேர் பலவிதமாகப் பொதுமைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்தப் பலபேரில் வடிவும் ஒருத்தி. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமே அதில்தான். அதை இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை; ஒருமுறை நாத்தனாரிடம் சொல்லப்போய், அவள் "அதுக்குச் சம்பளம் கூட்டிக் குடுப்பாங்களா மைனி?" என்று கேட்டுவிட்டாள்.

இப்போது ஊரே அவள் வாசலில் நின்றது. அவள் வீடு வீடாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, இங்கே வைத்தால் அந்த ஜன்னலோடு நிற்கும், அங்கே வைத்தால் அடுப்படியும் சேர்ந்து போய்விடும் என்று சொன்னாள். சொன்னது சொன்னபடி நடந்தது. யாராவது தங்கள் வீடு இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியது என்று சொன்னால் மட்டும் கொஞ்சம் தயங்குவாள். அவளுடைய ஆராய்ச்சிப் பட்டத்து வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த அம்மாள் ஒருத்தி, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டும் தனித்தனியா நல்லதா இருந்தா, சேர்த்து வச்சாலும் நல்லதாத்தான் இருக்கும்னு எப்படிம்மா சொல்றீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது அவளுக்கு இன்னும் உறைக்கும். அதற்காகவே ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தாள்: ஒன்றின் நடுவில் தொடங்கி மற்றொன்றுக்குப் போகிற எந்த வழியையும், தொடங்கிய வீட்டின் தலைவாசல் வரைக்கும் நீட்ட முடிய வேண்டும். நீட்ட முடியாத ஒரு வழி இருந்தாலும் போச்சு.

அவள் கணவன் மாசிலாமணிக்கு இந்த ஓத விவகாரம் அடியோடு பிடிக்கவில்லை. அவன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் போட்டோவுக்கு ஃபிரேம் போடுகிற கடை வைத்திருந்தான். ஓதம் தொடங்கிய பிறகு அவனுக்குப் புது மாதிரியான வேலை வந்தது. ஆட்கள் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து நீட்டி, "இதுல நம்ம பக்கத்துல யாரோ ஒரு ஆளு நிக்காரு அண்ணாச்சி, யாருன்னே தெரியல. வெட்டி எடுத்துட்டு ஃபிரேம் போட்டுக் குடுங்க," என்றார்கள். மாலை போட்டிருக்கிறதே என்று அவன் சுட்டிக்காட்டினால், "ஆமா, எதுக்குப் போட்டிருக்காரோ," என்று அவர்களும் யோசித்தார்கள். அவன் வெட்டிக் கொடுத்தான். வெட்டிய பாதியைக் குப்பையில் போடக் கை வராமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தான்.

"ஊரு பூரா ஆளை அழிக்கிற வேலைக்கு நீங்க வழி சொல்லிக்கிட்டு அலையுதீய," என்றான் ஒருநாள் சாப்பிடும்போது.

"நான் எங்கயும் வைக்கல. எங்க நிக்கும்னு மட்டும்தான் சொல்லுதேன். அவங்களுக்கும் வலி இல்லை, பாக்குறவங்களுக்கும் வலி இல்லை. நீங்க ஏன் வருத்தப்படுதீங்க?"

"வலி இல்லாததுதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் கையைக் கழுவ எழுந்துபோனான்.

இந்த ‘நீங்க’ இருக்கிறதே, அது அவர்கள் வீட்டுக்குச் சமீபத்தில் வந்தது. இரண்டு பேரும் அடுத்தடுத்த வீட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள், வா போ என்று பேசியே காதலித்துக் கல்யாணம் செய்தவர்கள். ஊருக்கு முன்னால்கூட வடிவு அவனை ‘ஏய் மணி’ என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை வந்தபோது கூடவே மௌனமும் வந்தது. அவர்கள் வீடும் அவர்களைப் போலவே இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கியது. அவனுடையது தெருவைப் பார்த்த ஒற்றை அறை. அவளுடையது முன்னறை, நடுவறை, உள்ளறை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வீடு. கல்யாணம் ஆன வாரத்தில் அவன் அறைக்கும் அவள் நடுவறைக்கும் இடையே இருந்த சுவரை இடித்து ஒரு வழி வைத்தார்கள். முதலில் கோமு பிறந்தாள். அவளுக்கு எட்டு வயதாகும்போது ஒரு பையன் பிறந்தான். பெயர் வைக்கும்வரை அவன் இருக்கவில்லை.

அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. வடிவு கல்லூரிக்குப் போனாள், மாசிலாமணி கடைக்குப் போனான், இரண்டு பேரும் கோமுவிடம் தனித்தனியே சிரித்துப் பேசினார்கள். அவன் அவனுடைய அறையிலேயே படுக்கத் தொடங்கினான். மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. அந்த வைகாசியில் ஒருநாள் அவன் நிலைப்படியில் நின்று, கோமுவைத் தூத்துக்குடியில் தன் அக்கா வீட்டில் விட்டுப் படிக்கவைக்கப் போவதாகவும், தானும் கடையை அங்கேயே மாற்றிக்கொள்ளப் போவதாகவும் சொன்னான்.

"பிள்ளையைக் கேட்டீங்களா?"

"இந்த வீட்டுல அது மூச்சு முட்டிக் கிடக்கு. அதைக் கேக்க வேற செய்யணுமா?"

வடிவுக்கு ஒரு பிள்ளை போயிற்று. இருக்கிற ஒன்றும் போகப்போகிறது. அவன் மேல் கோபம் வந்தது, கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது, பயம் அவளை விட்டு நகரவே இல்லை. மறுநாள் கல்லூரியில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் மனசு வீட்டுச் சுவர்களை அளந்தது. ஒற்றை அறை வீடு. அதில் எந்த மூலையில் தொட்டாலும் ஓதம் அந்த அறை முழுக்கப் பரவி, இடித்த பழைய சுவரோடு போய் நிற்கும். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் தானும் கோமுவும். பிரிந்த மறுநாள் காலையில் கோமு பள்ளிக்கூடம் போகும்போது அடுத்த வீட்டில் யாரோ ஒரு மாமா பல் விளக்கிக்கொண்டிருப்பார். அவள் அழ மாட்டாள். அவனும் அழ மாட்டான். யாருக்கும் வலி இல்லை என்று வடிவு தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒரு வலிதான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ஊரில் எத்தனை வீட்டுக்கு இது ஒற்றை வீடா, சேர்த்த வீடா என்று கேட்டுக் கேட்டு வழி சொன்னவள், தன் வீட்டுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை. சேர்த்த வீடு என்று அவளுக்குத் தெரியும். அவளே கூட நின்று இடித்த சுவர். ஆனால் நாலாவது அத்தியாயத்து நிபந்தனை தன் வீட்டில் ஏன் பொய்க்கப்போகிறது என்று ஒரு அசட்டை. நிரூபணம் எழுதிப் பழகியவர்களுக்கு மட்டுமே வருகிற அசட்டை அது.

மாசிலாமணி கடையில் இருந்த ஒரு காலைப்பொழுதில் அவள் அவன் அறைக்குள் போய், டம்ளரில் விரலை நனைத்து, எங்கே தொடுவது என்று பார்த்தாள். நாலு சுவரில் எதைத் தொட்டாலும் ஒன்றுதான். உத்தரத்துக்குக் கீழே, கட்டிலுக்கு நேராக, சுவரில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. மூன்று வருஷமாக அதைப் பார்க்காமலே பழகியவள், அது இந்த அறைக்கு மட்டுமே உரியது, தன் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணி அதன் அடியில் விரலை வைத்தாள். சுவர் ஈரத்தை ஒரு குழந்தை பால் குடிக்கிற ஆசையோடு குடித்தது.

ஓதம் வழக்கம்போல் மதியங்களில் விரிந்தது. முதலில் கொக்கியைச் சுற்றி ஒரு தட்டளவு ஈரம். மாசிலாமணி அதைப் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்து அது அறை முழுக்கப் பரவ வேண்டும், பரவவில்லை. ஒரு முழ அகலத்துக்கு, ஒரு நோக்கத்தோடு நடக்கிற ஆளைப் போலச் சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, தரையோடு வந்து, இடித்த சுவர் இருந்த இடத்தில் நிற்காமல், அந்த வழியாகவே அவளுடைய நடுவறைக்குள் நுழைந்தது.

"எம்மா, ஓதம் நம்ம பக்கம் வருது," என்று கோமுதான் முதலில் சொன்னாள். வடிவு ஓடிவந்து ஈரத்தின் விளிம்பில் குனிந்து பார்த்தாள். இனி எங்கே நிற்கும்? வீடு முழுக்கப் பரவி ஒன்றுமே பிரியாமல் போகுமா? அல்லது நடுவறையைத் தின்று, கோமுவை அவன் பக்கம் சேர்த்துப் பிரித்துவிடுமா? அப்படிப் பிரிந்தால் அடுத்த வீட்டில் பல் விளக்குகிற யாரோ ஒருத்தி அவள்தான். பிள்ளை அவளைப் பார்த்து "அத்தை" என்று கூப்பிட்டு வழி கேட்கும். தான் அவனுக்கு வைத்தது என்னவென்று அவளுக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. அவள் அவனுக்கு வைத்தது சாவைவிடச் சுத்தமான ஒன்று.

ஈரத்தைக் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தாள், சுண்ணாம்பு பூசிப் பார்த்தாள், மண்ணெண்ணெய் அடுப்பை அருகில் வைத்து உலர்த்திப் பார்த்தாள். ஓதம் நடுவறையில் அம்மிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தங்கி, உள்ளறைக்குள் போய், புறவாசல் கதவுக்கு முன்னால் ஒரு பாய் அளவுக்கு விரிந்து, நின்றுவிட்டது. முன்னறைப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓதம் நின்ற அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்தது. தெரு அடங்கியது. வடிவு கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடுவறையில் உட்கார்ந்தாள். தூங்கக்கூடாது என்று பிள்ளைக்குக் கதை சொன்னாள், வாய்ப்பாடு கேட்டாள், பிள்ளை தூங்கி விழுந்தபோதெல்லாம் கிள்ளி எழுப்பினாள். அடுத்த அறையில் மாசிலாமணியின் மூச்சுச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் ஜன்னலில் இறங்கியது, பால்காரர் மணி அடித்தார், தெருவில் மறுபடி ஆள் நடமாட்டம் கேட்டது. வீடு பிரியவில்லை. மாசிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டே வழியில் வந்து நின்று, தரையில் கிடந்த ஈரத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான்.

"கொக்கியில தம்பிக்குத் தொட்டில் கட்டியிருந்தோம்," என்றான். கோமுவிடம் சொல்வதுபோல்தான் சொன்னான். "ஆஸ்பத்திரியில இருந்து என் ரூம் வாசல் வழியாத்தான் தூக்கிட்டு வந்தது. இந்தா, அம்மி பக்கத்துல வச்சுதான் குளிப்பாட்டுவோம். அங்க உள்ளறையிலதான் கடைசியா கிடத்தியிருந்தோம். பச்சப்பிள்ளைன்னு புறவாசல் வழியாவே கொண்டு போயிட்டாங்க." அவன் முன்னறையைப் பார்த்தான். "அங்க மட்டும் அவன் வரவே இல்லை."

நடுவில் தொடங்கி, தலைவாசல் வரைக்கும் நீட்ட முடியாத வழி. வடிவு அதைத் தன் கையால் எழுதியிருந்தாள், பக்க எண்கூட ஞாபகம் இருந்தது. இந்த ஈரம் அவன் வீட்டுடையதும் இல்லை, தன் வீட்டுடையதும் இல்லை. இரண்டும் சேர்ந்ததில் மட்டுமே அது உண்டு. அது இதற்குமேல் விரியவும் விரியாது, கழன்றும் வராது. எந்தத் தளர்த்திய நிபந்தனையிலும் அது அடங்காது. மூன்று வருஷமாக அவள் அழாத அழுகை அப்போது வந்தது.

"நான்தான் வச்சேன் மணி," என்றாள். "நீ தூத்துக்குடி போறேன்னு சொன்னதும் நான்தான் வச்சேன். பிள்ளை உன்னை மறக்கட்டும்னு வச்சேன்."

மறுபடி ‘நீ’ வந்ததை அவன் கவனித்தான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அது எதையும் சரிசெய்துவிடவில்லை.

"நான் உயிரோட இருக்கும்போதே என்னை அழிக்கப் பாத்திருக்கே வடிவு," என்றான். "நானும் பிள்ளையை உங்கிட்ட இருந்து பிரிக்கத்தான் பாத்தேன். இல்லைங்கல. ஆனா நீ அழுவேன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்."

ஒரு பையில் நாலு சட்டையும் அந்த பிஸ்கட் டின்னும் எடுத்துக்கொண்டான். கடைக்கு மேலே ஒரு ரூம் காலியாக இருந்தது. கோமு இங்கேயே படிக்கட்டும், சனி ஞாயிறு தன்னிடம் வரட்டும் என்று சொன்னான். தன் அறையின் வாசல் வழியாகப் போகாமல், நடுவறையைக் கடந்து, முன்னறையைக் கடந்து, தலைவாசல் வழியாக இறங்கிப் போனான்.

கோமு வாசற்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். மூக்கு ஒழுக, விக்கி விக்கி, தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். சித்திரையிலிருந்து செங்கணாபுரத்தில் எத்தனையோ பிரிவுகள் நடந்திருந்தன, பிரிந்ததற்காக அழுத பிள்ளை இவள் ஒருத்திதான். சத்தம் கேட்டு ரைஸ்மில் அண்ணன்காரர் வெளியே வந்தார். கூடவே சந்துக்கு அந்தப்பக்கத்துப் புதுக்குடித்தனக்காரரும் வந்தார்.

"ஏன் டீச்சர், பாப்பா எதுக்கு அழுது? கீழ விழுந்துட்டாளா?"

"அவ அப்பா வீட்டை விட்டுப் போயிட்டார் அண்ணாச்சி."

"போனா போறாரு. அதுக்கு எதுக்கு அழணும்?" என்று அண்ணன்காரர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரித் தலையைச் சொறிந்துகொண்டு, ஆளுக்கொரு வாசலுக்குள் போனார்கள்.

வடிவு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழாதே என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. அந்த அழுகையைத்தான் அவள் இந்தப் பிள்ளையிடமிருந்து ஈர விரலால் எடுத்துவிடப் பார்த்திருந்தாள்.

"அழுட்டி," என்றாள். "நல்லா அழு."

உள்ளே ஓதம் காயாமல் கிடந்தது.